என் சீட்டை நானே படிக்க வேண்டும்

மாற்றுத்திறனாளிகளும் உடல்நலக் குறிப்பேடும்

வரிசையில் ஒரு பெண்

காலை 9 மணி. அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம். ஓ.பி. சீட்டு வாங்க நீண்ட வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் ஒரு பெண் நிற்கிறார். அவருக்குக் கண் தெரியாது. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மாத்திரை அட்டைகள். எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

"அக்கா, போன மாசம் ரத்தம் எடுத்தாங்க. அந்தச் சீட்டு எதுன்னு கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்.

அந்த அக்கா நல்லவர். உதவி செய்ய நினைக்கிறார். ஒவ்வொரு தாளாக எடுத்துச் சத்தமாகப் படிக்கிறார். பெயர், வயது, என்ன நோய், என்ன சோதனை என்று எல்லாம் வெளியே வருகிறது. முன்னால் நிற்பவரும் கேட்கிறார், பின்னால் நிற்பவரும் கேட்கிறார். அந்தப் பெண் தலையைக் குனிந்து கொள்கிறார்.

இது ஒரு ஊரில் ஒரு நாள் நடந்த கதை அல்ல. நம் நாட்டில் எந்த ஊரிலும், எந்த நாளிலும் நடக்கக் கூடியது.

எழுத்துத் தெரியாமல் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கடிதம் வந்தால் அடுத்தவரிடம் கொடுத்துத்தான் படிக்க வேண்டும். நம் வீட்டு ரகசியம் நமக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அந்த வருத்தம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுத்தைக் கற்றீர்கள். இப்போது உங்கள் சீட்டை நீங்களே படிக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணும் தன் சீட்டைத் தானே அறிய விரும்புகிறார். அவருக்கு அறிவு இருக்கிறது. ஆனால் தாள் கண்ணுக்கு மட்டுமே பேசுகிறது. ஆகவே மாற வேண்டியது தாள்தான்.

எத்தனை பேர்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். கேட்கும் குறைபாடு உள்ளவர்களும் ஏறக்குறைய அதே அளவு. கை, கால் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 54 லட்சம் பேர்.

இவர்களில் 100-க்கு 69 பேர் கிராமங்களில் இருந்தார்கள். 100-க்கு 45 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இந்தக் கணக்கில் ஒரு செய்தி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் எங்கோ இல்லை. நம் தெருவில், நம் வீட்டில் இருக்கிறார்கள். வயதானால் கண் மங்குகிறது, காது மந்தமாகிறது, கை நடுங்குகிறது. இன்று மற்றவருக்காகச் செய்யும் வசதி நாளை நமக்கே உதவும்.

உடல்நலக் குறிப்பேடு என்றால் என்ன?

ஒருவரின் உடல்நிலை பற்றிய செய்திகளை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதுதான் உடல்நலக் குறிப்பேடு. அது ஒரு நோட்டாக இருக்கலாம், ஒரு அட்டையாக இருக்கலாம், செல்போனிலும் இருக்கலாம்.

கர்ப்பிணிகளுக்குத் தாய் சேய் பாதுகாப்பு அட்டை கொடுக்கிறார்கள். அதில் தாய்க்குப் போட்ட ஊசி, குழந்தையின் எடை, தடுப்பூசி நாள் எல்லாம் இருக்கும். அதுவும் ஒரு உடல்நலக் குறிப்பேடுதான்.

நல்ல குறிப்பேட்டில் இவை இருக்க வேண்டும்:

* பெயர், வயது, ரத்த வகை
* அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும், அவருடைய போன் எண்
* என்னென்ன நோய்கள், எப்போதிருந்து
* எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரம்
* எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது
* செய்த ஆபரேஷன், போட்ட ஊசி, எடுத்த சோதனை, தேதியோடு

கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள். ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று வையுங்கள். புது டாக்டருக்கு அது தெரியாது. ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தால் உயிர் தப்பும். ஆனால் அந்த வரி அங்கே இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது சரியா தவறா என்று அவரே சரிபார்க்கவும் முடிய வேண்டும்.

ஒரே தாள், பல தடைகள்

ஒரு சாதாரண மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் சின்ன எழுத்து இருக்கிறது. மருந்தின் பக்கத்தில் 1-0-1 என்று எழுதியிருக்கிறது. காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள்.

கண் தெரியாதவருக்கு இது வெறும் வழவழப்பான தாள். பார்வை மங்கியவருக்கு எழுத்துகள் கலங்கித் தெரியும்.

பிறவியிலேயே காது கேளாத ஒருவர் சைகை மொழியில் வளர்ந்திருப்பார். சைகை மொழி ஒரு தனி மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழோ இந்தியோ அவருக்கு இரண்டாவது மொழி. எனவே "காது கேட்காது, எழுதிக் காட்டினால் போதும்" என்று நினைப்பது தவறு. பலருக்கு எழுதிக் காட்டினாலும் முழுதாக விளங்காது. ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. அவருடைய முறை போய்விடும்.

கை நடுங்குபவருக்குப் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுப்பதே பெரிய வேலை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு நீண்ட வாக்கியம் புரியாது. ஒரு வரி, ஒரு படம் என்று இருந்தால் புரியும்.

இன்னும் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. "சிவப்புக் கட்டத்தில் இருந்தால் ஆபத்து" என்று மட்டும் அட்டையில் போட்டால் அவருக்குப் பயன் இல்லை. நிறத்தோடு ஒரு சொல்லோ ஒரு குறியோ சேர்ந்து இருக்க வேண்டும்.

தடை ஒன்றல்ல. ஆகவே ஒரே மருந்து எல்லோருக்கும் ஆகாது. சரி, யாருக்கு எது தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

12 புள்ளியும் 6 புள்ளியும்

இதற்குப் பதில் ஒரு பழைய வரலாற்றில் இருக்கிறது.

பிரான்சு நாட்டில் 1809-இல் லூயி பிரெயில் பிறந்தார். அவருடைய அப்பா தோல் வேலை செய்பவர். 3 வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது கூர்மையான கருவி கண்ணில் குத்தியது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவியது. பார்வை முழுதும் போனது. 1819-இல் பாரிஸ் நகரில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார்.

அப்போது சார்ல் பார்பியே என்பவர் ஒரு எழுத்து முறையைக் கொண்டு வந்தார். அவர் படையில் அதிகாரியாக இருந்தவர். தடித்த தாளில் மேடான புள்ளிகள் குத்தியிருக்கும். விரலால் தடவிப் படிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் பார்பியேவுக்குக் கண் தெரியும். அவர் ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை வைத்தார். அவ்வளவு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. படிப்பது மெதுவாகப் போனது.

சிறுவன் பிரெயில் தன் விரலாலேயே சோதித்தான். புள்ளிகளை 6 ஆகக் குறைத்தான். 6 புள்ளி ஒரே தொடுதலில் விரலுக்குள் அடங்கியது. 1824-இல் இந்த முறை உருவானபோது அவனுக்கு 15 வயது.

பெரியவர்கள் இதை உடனே ஏற்கவில்லை. பிரெயில் 1852-இல் இறந்தார். அவர் படித்த பள்ளி 1854-இல்தான் இந்த முறையை முறையாக ஏற்றது. இன்று உலகம் முழுதும் இதே 6 புள்ளிதான். நம் நாட்டில் 1951-இல் பாரதி பிரெயில் என்ற பொது முறை வந்தது. தமிழ், இந்தி, வங்காளம் போன்ற மொழிகளை எல்லாம் இந்த முறையில் எழுதலாம்.

பார்பியே கெட்டவர் அல்ல. உதவத்தான் நினைத்தார். ஆனால் விரலால் படிப்பவரின் கஷ்டம் விரலால் படிப்பவருக்குத்தான் தெரியும். செருப்பு எங்கே கடிக்கிறது என்று போட்டவருக்குத்தான் தெரியும் அல்லவா?

பிரெயில் மட்டும் போதுமா?

"அப்படியானால் எல்லாக் குறிப்பேட்டையும் பிரெயிலில் அச்சடித்துவிட்டால் போதுமே" என்று சிலர் சொல்லலாம். அதுவும் கேட்காமல் எடுக்கும் முடிவுதான்.

சர்க்கரை நோயால் பார்வை இழந்த பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 60 வயதில் கண் போனது. அவர் பிரெயில் படித்தவர் அல்ல. சர்க்கரை நோய் நரம்பையும் கெடுக்கும். அதனால் விரல் நுனியும் மரத்துப் போயிருக்கலாம். அவரிடம் பிரெயில் அட்டையைக் கொடுத்தால் என்ன செய்வார்? அவருக்குக் குரல்தான் உதவும்.

தொழுநோயிலிருந்து குணமானவர்கள் சிலருக்கும் விரலில் உணர்ச்சி இருக்காது. கைரேகை தேய்ந்தும் இருக்கலாம். கைரேகை எந்திரம் அவரை அடையாளம் காணாமல் போகலாம். அவருக்கு வேறு வழி வைத்திருக்க வேண்டும்.

குரல் வழியும் எல்லோருக்கும் சரியாக வராது. செல்போன் சத்தமாக "உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது" என்று சொன்னால் பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். வரிசையில் நின்ற பெண்ணின் கதை மறுபடியும் நடக்கும். அதனால் காதில் மாட்டும் கருவி வேண்டும். எப்போது பேச வேண்டும், எப்போது பேசக் கூடாது என்பதும் அவர் கையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது. உரியவரிடம் கேட்டால்தான் தெரியும்.

பையில் இருக்கும் நாணயம்

உங்கள் பையில் இருக்கும் 20 ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்காது. ஓரத்தில் 12 பக்கங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும்.

1, 2, 5, 10, 20 ரூபாயில் புதிய நாணய வரிசை ஒன்று 2019 மார்ச் 7 அன்று வெளியிடப்பட்டது. பார்வையற்றவர்களும் பிரித்தறியும் வகையில் அது அமைக்கப்பட்டது. மதிப்பு கூடக் கூட எடையும் கூடும்.

வாக்கு எந்திரத்திலும் நீலப் பட்டனுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்கள் இருக்கின்றன. பார்வையற்றவர் யார் துணையும் இல்லாமல் தன் வாக்கைத் தானே போடலாம். ரகசியம் ரகசியமாகவே இருக்கும்.

ரூபாயும் வாக்கும் விரலோடு பேசும் என்றால், மருந்துச் சீட்டும் பேச முடியும்.

"கண் சிமிட்டுங்கள்"

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம்.

வங்கிக் கணக்கு தொடங்கவும், சிம் கார்டு வாங்கவும் செல்போன் வழியாக ஆளைச் சரிபார்க்கும் முறை வந்தது. கேமரா முன் முகத்தைக் காட்ட வேண்டும். "கண் சிமிட்டுங்கள்" என்று போன் சொல்லும். சிமிட்டினால் உயிருள்ள ஆள் என்று ஏற்கும்.

ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்த பெண்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர் கேமராவுக்கு நேராக முகத்தை எப்படி வைப்பார்? போன் அவர்களை ஏற்கவில்லை. உயிரோடு இருக்கும் மனிதருக்கு "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று நிரூபிக்க வழி இல்லை.

அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. இத்தகைய இணைய வசதிகளைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மொத்தம் 20 கட்டளைகள் இட்டது. அதில் ஒன்று நமக்கு மிகவும் முக்கியம். புதிய செயலியோ இணையதளமோ தொடங்கும்போது, அதைச் சோதித்துப் பார்க்கும் நிலையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்பதே அது.

முடித்துவிட்டுக் காட்டுவது வேறு. முடிக்கும் முன் கேட்பது வேறு. வீடு கட்டி முடித்த பிறகு "வாசல் எங்கே வைக்கலாம்?" என்று கேட்டால் சுவரை இடிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உலக மாற்றுத்திறனாளிகளிடையே ஒரு முழக்கம் உண்டு. "எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள்" என்பதே அது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. அதை உருவாக்கும் பேச்சில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் கலந்துகொண்டன. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை ஏற்றது.

அதன் பிறகு 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. ஆஸ்பத்திரியின் எல்லாப் பகுதிக்கும் தடை இல்லாமல் போக முடிய வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்று அது சொல்கிறது. பிரெயில், சைகை மொழி, பெரிய எழுத்து, எளிய மொழி எல்லாமே செய்தி சொல்லும் வழிகள் என்றும் அது ஏற்கிறது.

மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறி விதிகளும் உண்டு. நோயாளி தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேட்டை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது.

பதிவைப் பார்க்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும் வழியும் இருந்தால்தான் அந்த உரிமை கைக்கு வரும்.

செல்போனில் உடல்நலக் கணக்கு

2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுதும் தொடங்கியது. இதில் ஒருவருக்கு 14 இலக்க எண் கிடைக்கும். அதற்கு ஆபா எண் என்று பெயர். பல ஆஸ்பத்திரிகளில் உள்ள ஒருவரின் பதிவுகளை இந்த எண்ணோடு இணைக்கலாம். அவர் சம்மதித்தால்தான் ஒரு டாக்டர் அவற்றைப் பார்க்க முடியும். இந்த எண் வாங்குவது அவரவர் விருப்பம். கட்டாயம் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு இது நல்ல வழி ஆகலாம். பையில் கட்டுக்கட்டாகத் தாள் சுமக்க வேண்டாம். போனில் திரையைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போன் குரலில் சொல்லும்.

ஆனால் எந்தச் செயலியாக இருந்தாலும் அதைச் செய்பவர் கவனமாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். எது அனுப்புவது, எது அழிப்பது என்று தெரியாது. படத்தில் வளைந்து நெளிந்த எழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுவார். ஓ.டி.பி. எண்ணுக்குக் கொடுக்கும் நேரம் குறைவாக இருந்தால் கை நடுங்குபவரால் முடிக்க முடியாது. பரிசோதனைத் தாளைப் போட்டோ எடுத்து வைத்தால், அது வெறும் படம். பல போன்களால் அதை ஒழுங்காகப் படித்துச் சொல்ல முடியாது. எழுத்தாகவே பதிந்து வைக்க வேண்டும்.

போன் இல்லாதவருக்குத் தாளும் வேண்டும். இரண்டு வழியும் இருக்கட்டும்.

கேட்பது எப்படி?

ஒரு கிராமத்தில் சுகாதாரக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் மக்களுக்குப் புதிய உடல்நல நோட்டு அச்சடிக்க நினைக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, பலரை அழைப்பது. ஒருவரை அழைத்துவிட்டு "கேட்டுவிட்டோம்" என்று சொல்லக் கூடாது. பார்வையற்றவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர், மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் எல்லோரும் வேண்டும். பெண்களும் முதியவர்களும் வேண்டும். கூட வரும் அம்மாவோ அண்ணனோ துணைக்கு இருக்கலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் உரியவரே.

இரண்டாவது, வர வழி செய்வது. மாடியில் கூட்டம் வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவர் கீழேயே நிற்பார். சைகை மொழி தெரிந்தவரை அழைக்க வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவும் அந்த நாள் கூலியும் கொடுப்பது நியாயம். அவர் உதவி வாங்க வரவில்லை. தன் அனுபவத்தைக் கொடுக்க வருகிறார்.

மூன்றாவது, மாதிரி நோட்டு ஒன்றைக் கையில் கொடுப்பது. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். "இரவில் என்ன மருந்து என்று கண்டுபிடியுங்கள்." "அடுத்த ஊசி எந்தத் தேதி என்று சொல்லுங்கள்." பிறகு பேசாமல் கவனிக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறார்? எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? தவறு அவருடையது அல்ல, நோட்டினுடையது.

நான்காவது, படங்களையும் சோதிப்பது. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் போடுவார்கள். மதியத்துக்கும் சூரியன்தான். இரண்டு சூரியனுக்கு என்ன வித்தியாசம்? மதியத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு போடலாம் என்று யாராவது சொல்வார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது உதவும்.

ஐந்தாவது, கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பது. பார்வை மங்கியவர் பெரிய எழுத்து கேட்பார். பெரிய எழுத்தானால் நோட்டு தடிக்கும். கை பலவீனமானவர் "கனமாக இருக்கிறது" என்பார். அப்போது முக்கியமான செய்தியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடலாம். மற்றவற்றைத் தனித் தாளில் வைக்கலாம். காது கேளாதவர் ஒருவர் "கை காட்டி அழைக்கவும் என்று அட்டை மேலேயே எழுதுங்கள்" என்பார். இன்னொருவர் "ஊருக்கெல்லாம் ஏன் தெரிய வேண்டும்? உள்ளே எழுதுங்கள்" என்பார். இருவர் சொல்வதும் சரி. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அவரவர் விருப்பப்படி எழுதச் செய்யலாம்.

ஆறாவது, திருத்திய பிறகு மறுபடியும் காட்டுவது. சொன்னது சேர்ந்ததா என்று அவர்கள் பார்க்க வேண்டும். சேராவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டு மறந்து போனால், அடுத்த முறை கூட்டத்துக்கு யார் வருவார்?

இன்றே வீட்டில் செய்யக் கூடியவை

அரசும் ஆஸ்பத்திரியும் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே சில வேலைகள் செய்யலாம். ஆனால் இங்கும் முதலில் கேளுங்கள்.

* காலை மருந்து டப்பாவில் ஒரு ரப்பர் வளையமும் இரவு மருந்து டப்பாவில் இரண்டு வளையமும் போடலாம். விரல் தொட்டதும் தெரியும்.
* மருந்துச் சீட்டை ஒரு உறையிலும் பரிசோதனைத் தாளை வேறு உறையிலும் வைக்கலாம். ஒரு உறையின் மூலையை வெட்டிவிட்டால் தடவியே பிரித்தறியலாம்.
* டாக்டர் சொல்வதை, அவர் அனுமதியோடு, போனில் குரலாகப் பதிந்து வைக்கலாம். தேதியை முதலில் சொல்லிப் பதிவு செய்தால் தேடுவது எளிது.
* பார்வை மங்கியவருக்கு வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு எழுத்தில் எழுதலாம்.
* முதல் பக்கத்தில் "இவரோடு பேசும் முறை" என்று இரண்டு வரி எழுதலாம். "முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசவும்", "சைகை மொழி தெரியும்", "பதில் சொல்ல நேரம் கொடுக்கவும்" என்று எது தேவையோ அதை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அடுத்தவர் சீட்டைப் படித்துக் காட்ட நேர்ந்தால் தனி இடத்துக்கு அழைத்துப் போய் மெதுவாகப் படியுங்கள். படித்ததை வெளியே சொல்லாதீர்கள். எழுத்துத் தெரிந்தவருக்கு அது கடமை.

மீண்டும் அந்த வரிசை

அதே ஆஸ்பத்திரி. அதே வரிசை. அந்தப் பெண் மறுபடியும் வருகிறார். இம்முறை பையில் மூன்று உறைகள் இருக்கின்றன. மூலை வெட்டிய உறையைத் தடவி எடுக்கிறார். ரத்தப் பரிசோதனைத் தாள் அதில்தான் இருக்கிறது. நர்ஸம்மாவிடம் நீட்டுகிறார்.

"எது எதுன்னு உங்களுக்கே தெரியுதே, யாரு இப்படிப் பிரிச்சு வச்சுக் கொடுத்தாங்க?" என்று நர்ஸம்மா கேட்கிறார்.

"எப்படி வேணும்னு என்னைக் கேட்டாங்க சிஸ்டர். நான்தான் சொன்னேன்" என்கிறார் அந்தப் பெண்.

கலந்து பேசுங்கள்

1. எழுத்துத் தெரியாத காலத்தில் உங்கள் சீட்டை யார் படித்தார்கள்? அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?
2. உங்கள் தெருவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அவர்களுடைய மருந்துச் சீட்டை யார் படிக்கிறார்கள்?
3. பார்பியே 12 புள்ளி வைத்தார். பிரெயில் 6 ஆக்கினார். இதிலிருந்து என்ன தெரிகிறது?
4. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காது கேளாதவரை எப்படி அழைக்கிறார்கள்? எப்படி அழைத்தால் நல்லது?

செய்து பாருங்கள்

கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மருந்துப் பையிலிருந்து ஒரு குறிப்பிட்ட மாத்திரை அட்டையை எடுக்க முயலுங்கள். மாத்திரையைச் சாப்பிட்டுவிடாதீர்கள். எடுத்தது சரியா என்று பாருங்கள். பிறகு பார்வையற்ற ஒருவரிடம் போய், அவர் எப்படிப் பிரித்து வைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.